மினசோட்டா வீடுகளுக்கு ஐஸ் டேம் தடுப்பு எஸ்டிமேட்: 3 அடியில் ஒரு வரிசை போதுமா?

கேட்டிருப்பது இதுதான்: "காரைக்குடியில் இருந்தபடி அமெரிக்க ரூஃபிங் காண்ட்ராக்டர்களுக்கு எஸ்டிமேட் போடும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மினசோட்டா வீடுகள்தான் அதிகம் வருகின்றன. ஐஸ் டேமுக்கு எல்லா வீட்டுக்கும் 3 அடி ஷீட்டில் ஒரு வரிசை போடு, போதும் என்கிறார்கள். சரிதானா?"

சரியில்லை. ஐஸ் டேம் என்பது கூரை விளிம்பில் கட்டும் பனிக்கட்டி வரப்பு. ஷீட் என்பது ஷிங்கிளுக்கு (அங்கே ஓட்டுக்குப் பதில் கூரையில் பதிக்கும் தார் வில்லை) அடியில் ஒட்டும், தண்ணீர் புகாத விரிப்பு. இறவாரம் சுவரைத் தாண்டி வெளியே ஏறக்குறைய நீளாத, சரிவும் குறைவான வீட்டுக்குத்தான் ஒரு வரிசை தேறும். அப்படி ஒரு வீடு உங்கள் கைக்கு வருவது அபூர்வம்.

பனியே பெய்யாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசலாமா என்று யாராவது வருவார்கள். கூரையில் தேங்கும் தண்ணீர் என்ன செய்யும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றி இரண்டு சரிவுகள் சேரும் மூலையைப் பாருங்கள். ஐப்பசி மழையில் அங்கே வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால், தண்ணீர் மட்டம் ஏறி, மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது படிந்திருக்கிற இடுக்கு வழியாகப் பின்பக்கம் நுழைந்து வளவில் சொட்டும். ஓடு வழிந்தோடும் நீரைத் தாங்கும், தேங்கி மேலேறும் நீரைத் தாங்காது. அவர்கள் ஊர் ஷிங்கிளும் அதே கதைதான். சருகு இருக்கும் இடத்தில் பனிக்கட்டி.

அந்தக் கட்டி எப்படி வருகிறது? வீட்டுக்குள் இருக்கும் சூடு அட்டிக்குக்கு (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடம்) ஏறுகிறது. கூரையின் மேல்பகுதி 32 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறது. பனியின் அடிப்பக்கம் உருகி ஷிங்கிள் மேல் வழிகிறது. சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரத்துக்கு அடியில் சூடு கிடையாது, அதனால் வந்த தண்ணீர் அங்கே மறுபடி உறைந்து வரப்பு கட்டுகிறது. வரப்புக்குப் பின்னால் குளம். அது சுவருக்கு உள்பக்கம் வரை ஏறி நிற்கும். உங்கள் ஷீட் அந்தக் குளத்தின் மேல்கரையைத் தாண்ட வேண்டும்.

ஐ.ஆர்.சி (அமெரிக்காவில் வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதித்தொகுப்பு) விதி ஆர்905.1.2 (2015 பதிப்புக்கு முன் ஷிங்கிளுக்கு ஆர்905.2.7.1) சொல்வது: கூரையின் கீழ்விளிம்பில் தொடங்கி, வெளிச்சுவர்க் கோட்டுக்கு உள்ளே குறைந்தது 24 அங்குலம் வரை ஐஸ் பேரியர் (இந்த ஷீட்தான்) போக வேண்டும். சரிவு 8/12 (12 அங்குலம் உள்ளே போக 8 அங்குலம் ஏறுவது) அல்லது அதற்கு மேல் என்றால், விளிம்பிலிருந்து சரிவின் வழியே 36 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. "3 அடி போதும்" என்ற பேச்சு இதிலிருந்து திரிந்து வந்ததோ, ஷீட்டின் அகலமே 3 அடி என்பதால் வந்ததோ, எப்படியானாலும் தப்பு. 24 அங்குலத்தைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து எண்ணும் இன்ஸ்பெக்டரும் உண்டு, உள்முகத்திலிருந்து எண்ணுபவரும் உண்டு. உள்முகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் மறுக்க முடியாது.

ஒரு வீட்டைப் போட்டுப் பார்ப்போம். இறவாரம் 24 அங்குலம், சுவர் கனம் 6, உள்ளே 24. மொத்தம் 54 அங்குலம். இது கிடைமட்ட அளவு. ஷீட் சரிவில் படுப்பதால் சரிவுக் காரணியால் பெருக்க வேண்டும். 4/12க்கு 1.054, 6/12க்கு 1.118, 8/12க்கு 1.202, 9/12க்கு 1.25, 12/12க்கு 1.414. நம் வீடு 6/12 என்றால் 54 × 1.118 = 60.4 அங்குலம். 36 அங்குல ஷீட் இரண்டு வரிசை, ஒன்றன்மேல் ஒன்று 4 அங்குலம் ஏறினால் 68 அங்குலம் மூடும். தேறியது. அதே வீடு 9/12 என்றால் 67.5. அரை அங்குலம்தான் மிச்சம். அதே 9/12இல் இறவாரம் 30 அங்குலமாக இருந்தால் 60 × 1.25 = 75, மூன்றாவது வரிசை கட்டாயம். எல்லா வீட்டுக்கும் ஒரே எண் என்று எதுவும் கிடையாது.

இப்போது ரோல். கூரையின் கீழ்விளிம்பு மொத்தம் 100 அடி, இரண்டு சரிவு உள்மடிப்பாகச் சேரும் கூரை ஓடை 14 அடி வீதம் இரண்டு என்று வையுங்கள். இரண்டு வரிசைக்கு 200, ஓடைக்கு 28, ஆக 228 அடி. முனை ஏற்றத்துக்கும் வெட்டுக்கழிவுக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 251. பரவலாகக் கிடைக்கும் ரோல் 3 அடி அகலம், 66 அடி 8 அங்குல நீளம், 200 சதுர அடி. 251ஐ 66.67ஆல் வகுத்தால் 3.76, அதாவது 4 ரோல். மிஞ்சும் 15 அடி சிம்னியைச் சுற்றப் போகும். ஒரு வரிசைக் கணக்கில் கழிவும் சேர்க்காமல் போட்டால் 128 அடிக்கு 2 ரோல் என்று வரும். வேலைக்காரர் கூரைமேல் ஏறிய பிறகு பாதி சாமான் இல்லை. 75 அடி ரோலும் சந்தையில் உண்டு, எந்த பிராண்ட் என்று கேட்டுக்கொண்டு வகுங்கள்.

வான்படத்திலிருந்து வரும் அளவு ரிப்போர்ட்டில் விளிம்பு நீளமும் சரிவும் துல்லியமாக இருக்கும். இறவாரத்தின் ஆழம் பெரும்பாலும் இருக்காது. முழுக் கணக்கும் அந்த ஒரு எண்ணில் நிற்கிறது. சைட்டுக்குப் போகிறவரிடம் இறவாரத்துக்கு அடியில் டேப் பிடித்து ஒரே ஒரு போட்டோ கேளுங்கள். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. இந்த வேலைக்கு டேட்டா என்ட்ரி என்று பெயர் வைத்து, கூரைக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பேசினால், யார் போட்டோ கேட்டுக் காத்திருப்பார்கள்? ஒரு வரிசையைத் தட்டிவிட்டு அடுத்த கூரைக்குப் போவார்கள். ஒழுகினால் மட்டும் "இந்தியாவில் போட்ட எஸ்டிமேட்" என்று பேச்சு. சாஃப்ட்வேரில் எங்கே கிளிக் செய்வது என்று மட்டும் சொல்லித்தந்து, கைமரம் எது முகடு எது என்று சொல்லித்தராமல் ஆளை உட்கார வைப்பது அநியாயம்.

அடுத்தது முக்கியம். ஷீட் ஐஸ் டேமைத் தடுக்காது. வந்த தண்ணீரை உள்ளே விடாது, அவ்வளவுதான். தடுக்க வேண்டுமானால் அட்டிக்கில் வேலை இருக்கிறது, அதற்கும் எஸ்டிமேட்டில் தனி வரி எழுதுங்கள். முதலில் காற்றுக் கசிவை அடைப்பது: சீலிங்கில் பதித்த விளக்கு, பாத்ரூம் ஃபேன், அட்டிக் மூடி, பிளம்பிங் பைப் ஏறும் ஓட்டை, ஒவ்வொன்றையும் எண்ணி. சிம்னி இடைவெளிக்கு ஃபோம் எழுதாதீர்கள், தகரமும் தீ தாங்கும் சீலன்ட்டும்தான். பாத்ரூம் ஃபேன் குழாய் அட்டிக்குக்குள்ளேயே முடிந்திருந்தால் வெளியே கொண்டுபோக தனி வரி.

அடைத்த பிறகே இன்சுலேஷன். ஏற்கெனவே ஆர்-19 (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு) இருந்து ஆர்-49 ஆக்க வேண்டுமென்றால், செல்லுலோஸ் (காகிதத் துகள்) அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-3.5 என்பதால் இன்னும் 9 அங்குலம். இதைக் கொட்டும்போது சாஃபிட் (இறவாரத்தின் அடிப்பலகை) துவாரம் மூடிப்போகும் என்பதால், கைமர இடைவெளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பேஃபிள், அதாவது காற்றுக்கு வழிவிடும் தடுப்புத் தகடு. 24 அங்குல இடைவெளியில் 100 அடிக்கு 50.

காற்றோட்டம்: அட்டிக் 1,500 சதுர அடி என்றால் 1/150 விதிப்படி 10 சதுர அடி திறப்பு, அதாவது 1,440 சதுர அங்குலம். சூடான பக்கத்தில் ஆவித்தடுப்பு இருந்து, மேல்திறப்பு 40 முதல் 50 சதவீதம் என்றால் 1/300 போதும், 720. பாதி சாஃபிட்டில், பாதி முகட்டில். அடிக்கு 18 சதுர அங்குலம் தரும் ரிட்ஜ் வென்ட் (முகட்டுக் காற்றுத்திறப்பு) என்றால் 360க்கு 20 அடி.

ஷீட் பலகையில் நேரடியாக ஒட்ட வேண்டும், ஆகவே பழைய ஷிங்கிளைப் பிரிக்கும் கூலி இருந்தே தீரும். விளிம்புப் பலகை ஊறிப்போயிருக்கும். அதை மொத்தத் தொகையாக எழுதாமல், 32 சதுர அடிப் பலகை ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். பெரும்பாலான ஷீட்டுகள் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சரியாகப் பிடிக்காது, தேதி குறிக்கும்போது பாருங்கள்.

இன்சூரன்ஸ் கிளெய்ம் என்றால், பழைய கூரையில் ஐஸ் பேரியரே இல்லாதபோது அது விதிக்காகச் சேர்க்கும் வேலை. பாலிசியில் "ஆர்டினன்ஸ் ஆர் லா" (விதிக்காகச் சேர்க்கும் வேலைக்கான காப்பீடு) இருக்கிறதா என்று கேட்டு, விதி எண்ணையும் மேலே போட்ட பெருக்கலையும் குறிப்பில் அப்படியே எழுதுங்கள். அங்கே எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்பதை அங்குள்ள கட்டட அலுவலகத்தில் உறுதி செய்யாமல் எண்ணைப் போடாதீர்கள்.

அட்டிக் வேலையைத் தனி விலையாகப் பிரித்துக் காட்டுங்கள். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால், ஷீட் கசிவைத்தான் தடுக்கும், ஐஸ் கட்டுவதை நிறுத்தாது என்ற ஒரு வரியை எஸ்டிமேட்டிலேயே எழுதி, அதற்குக் கீழே கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.