எத்தனை அடி என்று சொன்னீர்கள்?

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் 27 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். போன வாரம் மண்டபத்தில் பேசியபோது பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பாம்பன், விசைப்படகுக்காரர்: நாங்கள் வயர்லெஸ்ஸில் இரைச்சலோடுதான் பேசுகிறோம். விமானத்திலும் அப்படித்தானா?

ஏறக்குறைய அதே கதைதான் அண்ணே. ஒரே அலைவரிசையில் பல விமானங்கள் இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் கீச்சென்று சத்தம்தான் வரும். அதனால் நாங்கள் ஓர் உயரம் சொன்னால், விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். இதற்கு ரீட்பேக் என்று பெயர். அதைக் காதுகொடுத்துக் கேட்பது எங்கள் பொறுப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விமானத்தை 11,000 அடிக்கு இறங்கச் சொன்னேன்: 'ஒன் ஒன் ஸீரோ'. அதாவது 110; கடைசி இரண்டு சைபரை விட்டுத்தான் சொல்வோம். விமானி 'ஒன் ஸீரோ ஸீரோ' என்றார். நான் குனிந்து அடுத்த விமானத்தின் ஸ்ட்ரிப்பில், அதாவது அதன் விவரங்களைக் குறிக்கும் காகிதப் பட்டையில், எழுதிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. பக்கத்திலிருந்த சீனியர் என் பேனாவைப் பிடித்து நிறுத்தி, "என்ன சொன்னார், கேட்டாயா?" என்றார். 10,000 அடியில் எதிரே இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. உடனே திருத்திச் சொன்னேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் 100ஐ இப்போது 'ஒன் ஹண்ட்ரட்' என்று சொல்கிறார்கள்.

தங்கச்சிமடம், கல்லூரி மாணவி: ஒரு வார்த்தையால் விமானம் விழுந்திருக்கிறதா?

விழுந்திருக்கிறது அம்மா. 1989 பிப்ரவரியில், கோலாலம்பூர் பக்கம், ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம். 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல, 'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார் கன்ட்ரோலர். ஆங்கிலத்தில் 2 என்ற எண்ணும் 'டூ', 'வரைக்கும்' என்பதும் 'டூ'. விமானிகள் 400 அடி வரைக்கும் என்று எடுத்துக்கொண்டு, 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று திருப்பியும் சொன்னார்கள். யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். அந்தப் பதிலை ஒருவர் கவனித்திருந்தால் போதுமே என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

கீழக்கரை, கணவர் வளைகுடாவில் இருக்கும் சகோதரி: டெல்லி பக்கம் சர்க்கி தாத்ரியில் நடந்த விமான விபத்தும் இப்படித்தானா?

அது கொஞ்சம் வேறு. 1996 நவம்பர் 12. 15,000 அடியில் நிற்கவேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடியில் இருந்த சவுதி விமானத்தின் மேல் மோதியது. 349 பேர் போனார்கள். கஜகஸ்தான் விமானத்தில் ரேடியோவில் பேசியவர் வேறு, ஓட்டியவர் வேறு. டெல்லி ரேடாரும் அப்போது உயரத்தைக் காட்டாது. அதன்பிறகுதான் மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் டீகாஸ் கருவி இந்தியாவில் கட்டாயமானது. இப்போது உங்கள் கணவர் வரும் விமானத்தில் அது இருக்கும், பயப்படாதீர்கள்.

ராமேசுவரம், ஆசிரியர்: புயல் நேரத்தில் உயரமானி தப்பு காட்டுமாமே?

காட்டும் சார். அது அளப்பது காற்றழுத்தத்தைத்தான். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றும் நாளில் அழுத்தம் இறங்கியிருக்கும். அன்றைய அழுத்தத்தை நாங்கள் ஹெக்டோபாஸ்கல் கணக்கில் சொல்வோம், விமானி அதை உயரமானியில் வைத்துக்கொள்வார். நாங்கள் 993 என்று சொன்னதை விமானி 1003 என்று வைத்துவிட்டால், உண்மையைவிடச் சுமார் 280 அடி கூடுதலாகக் காட்டும். உச்சிப்புளி பருந்து கடற்படைத் தளம் போலக் கடலோர ஓடுதளத்துக்கு மேகத்துக்குள் இறங்கும்போது 280 அடி சின்ன விஷயமில்லை.

மண்டபம், பிளஸ் டூ மாணவர்: இந்த வேலைக்கு ஆங்கிலம் பிரமாதமாக வரவேண்டுமா?

வேண்டாம் தம்பி. தெளிவாக வந்தால் போதும். புரியாதபோது 'சே அகெய்ன்' என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது. வீட்டில் மிக்ஸி ஓடும்போது தங்கச்சியை அடுத்த அறையிலிருந்து எண்களை வாசிக்கச் சொல்லி எழுதிப் பார். எத்தனை தப்பு வருகிறது என்று எனக்குச் சொல்.