மகனுக்காக மறுபடி சேரலாமா?

கேள்வி: கணவரைப் பிரிந்து, என் அம்மாவோடு இருக்கிறேன். மகனுக்கு 9 வயது. எனக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட் என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். சமீபமாக எதிர்த்துப் பேசுகிறான், செல்போனைக் கீழே வைப்பதில்லை. நான் கண்டித்தால் அம்மா அவனுக்குப் பரிந்துகொண்டு வருகிறார். “அப்பன் இல்லாமல் வளர்கிற பிள்ளை வேறு எப்படி இருக்கும்?” என்று உறவினர்கள் என் காதுபடவே பேசுகிறார்கள். அவனுக்காகவாவது கணவரோடு சேர்ந்துவிடலாமா?

பதில்: மகனுக்காக என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம், சகோதரி. ஏன் பிரிந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தினமும் சண்டையாக இருந்த வீடு என்றால், அங்கே திரும்பிப் போவதால் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. ஓயாத சண்டைக்கு நடுவே வளர்வதைவிடப் பிரிந்த பிறகு கிடைக்கும் அமைதி பிள்ளைகளுக்கு நல்லது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதற்காக உறவினர்கள் சொல்வது முழுப் பொய் என்றும் சொல்லமாட்டேன். ஒற்றைப் பெற்றோரிடம் வளரும் பிள்ளைகள் சராசரியாகப் படிப்பில் பின்தங்குவதை அமெரிக்கச் சமூகவியலாளர்கள் சாரா மெக்லனஹனும் கேரி சாண்டெஃபரும் 1994-இல் எடுத்துக்காட்டினார்கள். ஆனால், அதில் ஏறக்குறையப் பாதிக்கு வருமானக் குறைவே காரணம் என்று சொன்னதும் அவர்கள்தான். குறை பேசும் உறவினர்கள், சாயங்காலம் இரண்டு மணி நேரம் பையனைப் பார்த்துக்கொண்டால் எவ்வளவோ புண்ணியம்!

எனக்கென்னவோ உங்கள் ஷிஃப்ட் மேல்தான் சந்தேகம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வருமானம் இழந்த குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் கிளென் எல்டரும் சகாக்களும் ஒன்றைக் கவனித்தார்கள்: பணக்கஷ்டம் பெரும்பாலும் அப்பாக்களின் சிடுசிடுப்பு வழியாகத்தான் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. உங்கள் வேலையிடத்தை மகன் பார்த்திருக்கக்கூட மாட்டான். ஆனால் நைட் ஷிஃப்ட் முடிந்து, தூக்கமில்லாமல் வந்து நீங்கள் எரிந்துவிழுந்தால், அதை அவன் பார்க்கிறான். ஒரே ஷிஃப்டாகக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் சம்பளம் குறைந்தாலும், சமாளிக்க முடியுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், எந்த நாள் எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்பதையாவது அவன் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள்.

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் இல்லாத நேரமெல்லாம் அவனை வளர்ப்பது அவர்தான். பையன் தூங்கிய பிறகு இருவரும் உட்கார்ந்து, செல்போன் எத்தனை மணிவரை, எப்போது தூக்கம் என்று இரண்டை மட்டும் முடிவு செய்யுங்கள். மற்றவற்றில் பாட்டி செல்லம் கொடுத்தால் கொடுக்கட்டும். செல்போனைப் பிடுங்குமுன், அந்த நேரத்தில் அவன் யாரோடு விளையாடுவான் என்று யோசித்தீர்களா?

அவன் அப்பாவைப் பார்க்கிறானா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. அவரால் உங்களுக்கோ மகனுக்கோ ஆபத்தில்லை என்றால், குறித்த நாளில் தவறாமல் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் ஏமாற்றுகிறவர் என்றால், அவர் வாசலில் வந்து நிற்கும்வரை பையனிடம் சொல்லாதீர்கள்.