“மேடம், ஓடிடுச்சு!”

பன்னிரண்டு வருஷம் மென்பொருள் டெஸ்டராக இருந்தேன். அதன் பிறகு புதியவர்களுக்கு ப்ரோகிராமிங் சொல்லித் தருகிறேன். இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் எனக்குப் பதில் தெரிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

லிஸ்டில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் ப்ரோகிராம் எழுதினேன். கேள்வியில் கொடுத்த உதாரணத்துக்குச் சரியாக விடை வருகிறது. சப்மிட் செய்தால், எங்களுக்குக் காட்டாமல் மறைத்து வைத்துச் சோதிக்கும் ‘ஹிட்டன் டெஸ்ட் கேஸ்’ பத்தில் நான்கு ஃபெயில். எரரே வராத ப்ரோகிராமில் தப்பை எங்கே தேடுவது?
*கல்லூரி முதலாமாண்டு மாணவி*

எரர் வரவில்லை என்றால், நீங்கள் எழுதியது கம்ப்யூட்டருக்குப் புரிந்தது. அவ்வளவுதான். விடையைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. என் வகுப்பிலும் வாரம் தவறாமல் யாராவது “மேடம், ஓடிடுச்சு!” என்று கையைத் தூக்குவார்கள். “ஓடினது சரி, எங்கே போய்ச் சேர்ந்துச்சு?” என்பேன்.

ப்ரோகிராமை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். 5, 9, 3, 9 என்று எழுதுங்கள். இதில் இரண்டாவது பெரியது எது? 9-ஆ, 5-ஆ? இப்போது கேள்வியை மறுபடி படியுங்கள். ஒரே எண் இரண்டு முறை வந்தால் ஒன்றாகவே எண்ண வேண்டும் என்று இருந்தால் 5. வரிசைப்படுத்தி இரண்டாம் இடத்தில் நிற்பதைத்தான் கேட்கிறார்கள் என்றால் 9. முதல்முறை படித்தபோது இந்தச் சந்தேகமே உங்களுக்கு வந்திருக்காது.

அடுத்து 9, 5, 3. இது சுலபமாகத் தெரியும். ஆனால் ‘புதுசாக ஒரு பெரிய எண் கிடைத்தால், பழைய பெரியதை இரண்டாவதாக வை’ என்று மட்டும் எழுதியிருந்தீர்களானால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். முதல் எண்ணே பெரியது. அதற்குப் பிறகு புதிய பெரிய எண் வரவே வராது, அதனால் இரண்டாவது என்ற பெட்டி நிரம்பவே நிரம்பாது. கேள்வியில் கொடுத்த உதாரணம் 2, 5, 9 மாதிரி ஏறுவரிசையில் இருந்திருந்தால் இந்தத் தப்பு கண்ணில் பட்டிருக்காது.

பிறகு -4, -7, -2. பெரியதை 0 என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்திருந்தால், அந்த 0-வை எந்த மைனஸ் எண்ணாலும் தாண்ட முடியாது. லிஸ்டிலேயே இல்லாத ஓர் எண் விடையாக வந்து நிற்கும். 7, 7, 7 கொடுத்தால்? ஒரே ஓர் எண் இருந்தால்? காலி லிஸ்ட் வந்தால்? உங்கள் நான்கு ஃபெயிலும் அநேகமாக இவற்றுக்குள் இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வர வேண்டும் என்பதைத் தாளில் எழுதிவிட்டு அப்புறம் ரன் பண்ணுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். திரையில் 9 என்று பார்த்துவிட்டால், ‘ஆமா, 9 தானே’ என்று மனசு தலையாட்டிவிடும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கே ஆட்டுகிறது.

உங்கள் ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை: கெடு முடிந்த பிறகாவது அந்த ஹிட்டன் கேஸ்களைத் திறந்து காட்டுங்கள். கடைசி வரை மறைத்தே வைத்தால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது யூகிப்பதை மட்டும்தான்.

நாற்பது பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற ப்ரோகிராமிங் மொழி எடுக்கிறேன். ப்ரோகிராம் சரியா என்று சோதிக்கும் டெஸ்டை எழுதச் சொன்னால் ‘இது வேறயா?’ என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். ப்ரோகிராம் முடிந்த பிறகு ஒப்புக்கு இரண்டு டெஸ்ட் எழுதித் தருகிறார்கள். எப்படி ஆர்வம் வரவைப்பது?
*கணினி ஆசிரியர்*

முதல் சிக்கல் அந்த வார்த்தையில்தான். பிள்ளைகளுக்கு டெஸ்ட் என்றாலே மார்க், பயம். நான் முதல் இரண்டு வாரம் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. ‘உடைக்கிற ஆட்டம்’ என்பேன்.

லீப் வருஷமா என்று சொல்லும் ஃபங்ஷனை, அதாவது அந்த ஒரு வேலையை மட்டும் செய்யும் ப்ரோகிராம் துண்டை, ஐந்து விதமாக எழுதி வைத்துக்கொள்வேன். அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் மட்டும் போர்டில் இருக்கும், உள்ளே எழுதிய ப்ரோகிராம் வரிகள் யாருக்கும் தெரியாது. ‘அ’ 4-ஆல் வகுபட்டாலே லீப் என்று சொல்லும். ‘ஆ’ 4-ஆல் வகுபட வேண்டும், 100-ஆல் வகுபடக் கூடாது என்பதோடு நின்றுவிடும், 400-ஆல் வகுபட்டால் லீப்தான் என்பதை மறந்துவிடும். ‘இ’ எதைக் கேட்டாலும் ஆமாம் போடும். ‘ஈ’ 400-ஆல் வகுபட்டால் மட்டும் ஒத்துக்கொள்ளும். ‘உ’ மட்டும் சரி. ஒவ்வொரு குழுவும் ஒரு வருஷத்தையும், அதற்கு வர வேண்டிய விடையையும் சொல்ல வேண்டும். எந்த ஃபங்ஷன் மாறிச் சொல்கிறதோ அது அவுட். மிகக் குறைந்த வருஷங்களில் நான்கையும் வெளியேற்றும் குழு ஜெயிக்கும்.

முதல் குழு எப்போதும் 2004, 2008, 2012, 2016 என்று அடுக்கும். ‘ஈ’ மட்டும் விழும், மற்றவை அசையாது. நான்கு டெஸ்ட் எழுதியதாக அவர்களுக்கு நினைப்பு. எழுதியது ஒரே டெஸ்ட், மற்ற மூன்றும் அதன் நகல். இதைப் பாடமாகச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. தோற்ற குழு தானாகவே கண்டுபிடித்துவிடும்.

பிறகு யாராவது 1900 என்பார்கள். 100-ஆல் வகுபடுகிறது, 400-ஆல் வகுபடவில்லை, எனவே லீப் இல்லை. ‘அ’வும் ‘இ’யும் ஒரே அடியில் காலி. ‘ஆ’வை வீழ்த்த 2000, ‘ஈ’யை வீழ்த்த 2024. மூன்றே வருஷம். இரண்டில் முடியுமா என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். முடியாது. ஏன் முடியாது என்று அவர்களே போர்டுக்கு வந்து விளக்கும்போது நான் பின்பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த நேரத்தில் எக்ஸெல் கதையைச் சொல்வேன். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் 1900-ஐ லீப் வருஷமாக எடுத்துக்கொண்டது. அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்ஸெலும் அந்தத் தப்பை அப்படியே வைத்துக்கொண்டது. ஒரு செல்லில் 60 என்று அடித்துத் தேதியாக மாற்றினால், நடக்காத நாளான 1900 பிப்ரவரி 29 வந்து நிற்கும். இதை வீட்டில் போய்ச் செய்து பார்க்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஆரம்பத்திலேயே டெஸ்டுகளை ஓட்டும் பைடெஸ்ட் மாதிரி கருவிகளை இறக்காதீர்கள். ‘விடை இதுதான் வர வேண்டும், இல்லையென்றால் எரர் கொடு’ என்று சொல்லும் வெறும் அஸெர்ட் வரியே முதல் மாதத்துக்குப் போதும். இன்ஸ்டால் ஆகவில்லை என்று ஒரு பீரியட் போனால், அன்றோடு ஆர்வமும் போய்விடும். அப்புறம் மார்க். ப்ரோகிராமுக்குப் பத்து, டெஸ்டுக்கு இரண்டு என்று போட்டுவிட்டு ஏன் ஒப்புக்கு எழுதுகிறார்கள் என்று கேட்டால் எப்படி? நான் சரிபாதி தருகிறேன். டெஸ்டை முதலில் வாங்கிக்கொண்டு அப்புறம்தான் ப்ரோகிராமை வாங்குவேன்.

விடையைத் திரையில் காட்டும் பிரின்ட் வரியைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறதே, தனியாக டெஸ்ட் எதற்கு?
*இன்னொரு மாணவர்*

இன்றைக்குத் தெரிகிறது. அடுத்த வாரம் வேறெங்கோ ஒரு வரியை மாற்றுவீர்கள், அப்போது அதே பிரின்டை மறுபடி போட்டு, அதே கவனத்தோடு பார்ப்பீர்களா? தேடுவதற்கு பிரின்ட் நல்லது, தாராளமாகப் போடுங்கள். கண்டுபிடித்த பிறகு அதை டெஸ்டாக எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த முறை பார்க்க வேண்டிய வேலை உங்கள் கண்ணுக்கு இல்லை.

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வருகிறதா என்று டெஸ்ட் எழுதினேன். ஃபெயில்! பைத்தானிலேயே ‘பக்’, அதாவது தப்பு, இருக்கிறதா?
*பள்ளி மாணவர்*

இல்லை. கம்ப்யூட்டர் 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட பைனரியில் கணக்குப் போடுகிறது. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று முடிவே இல்லாமல் எழுதுவது போல, அதற்கு 0.1 முடிவில்லாதது. ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். அதனால் 0.30000000000000004 என்று வருகிறது. தசம எண்களை ஒப்பிடும்போது ‘சமமா’ என்று கேட்காமல் ‘போதுமான அளவு நெருக்கமா’ என்று கேளுங்கள். அதற்குப் பைத்தானோடு வரும் மேத் மாட்யூலில் ஐஸ்குளோஸ் என்ற ஃபங்ஷனே இருக்கிறது. பணக் கணக்கு என்றால் தசமத்தையே தொடாதீர்கள், பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். நீங்கள் டெஸ்ட் எழுதியதால்தான் இது தெரிந்தது, அதற்கு ஒரு சபாஷ்.

தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்று எழுதுகிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு, நீளத்தைச் சொல்லும் லென் ஃபங்ஷனைக் கேட்டால் 5 என்கிறது. மூன்றெழுத்து இல்லையா?
*பொழுதுபோக்குக்காகக் கோடிங் கற்கும் வங்கி ஊழியர்*

எனக்குப் பிடித்த கேள்வி. பைத்தான் எண்ணுவது, எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் யூனிகோட் முறையின் குறிகளை: த, ம, இகரத்தின் கொக்கி, ழ, மேலே வைக்கும் புள்ளி. ஆக ஐந்து. நாம் எண்ணுவது த, மி, ழ். இதே சொல்லைத் திருப்பிப் போட்டால் முதலில் ஒட்ட இடமில்லாத ஒரு புள்ளி அந்தரத்தில் தொங்கும், அப்புறம் ‘ழிமத’ என்று வரும்.

குறிகளை முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ணினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த ‘பெரும்பாலும்’ என்ற இடத்தில்தான் உங்கள் டெஸ்டுகள் தேவைப்படும். ‘மொழி’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். விளையாடுபவர் சரியான விடையை அடித்தும் ‘தவறு’ என்று வந்தால் அவர் உங்களை என்ன நினைப்பார்? ஒப்பிடுவதற்கு முன் யூனிகோட் நார்மலைஸ் செய்து, இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு வடிவத்தையும் ஒரு டெஸ்டில் போட்டுவிடுங்கள்.

‘ஔவை’ இன்னொரு கண்ணி. ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ஒ-வையும் ள-வையும் பக்கத்தில் பக்கத்தில் அடிப்பவர்கள் ஏராளம். அப்படி அடித்தால் இரண்டெழுத்துச் சொல் மூன்றெழுத்தாகிவிடும். ‘க்ஷ’வை ஒரு எழுத்தாகக் கொள்வதா, இரண்டாகவா? ‘ஸ்ரீ’? இதற்கெல்லாம் பைத்தானிடம் பதில் இல்லை. விளையாட்டின் சொந்தக்காரர் நீங்கள், நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ததை டெஸ்டாக எழுதுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து நீங்களே வேறு மாதிரி முடிவு செய்வீர்கள்.

கோடிங் வராதவர்கள்தான் டெஸ்டிங்குக்குப் போவார்கள் என்கிறார்களே?
*வேலை தேடும் இளைஞர்*

என்னிடமும் சொன்னார்கள். சொன்னவர்களின் கோடில்தான் நான் பன்னிரண்டு வருஷம் சாப்பிட்டேன்.

எங்கள் டீமில் கோட் கவரேஜ் 100 சதவீதம் வேண்டும் என்கிறார்கள். வந்துவிட்டால் பக் இருக்காதா?
*இரண்டு வருஷ அனுபவமுள்ள டெவலப்பர்*

கவரேஜ் என்பது எந்தெந்த வரி ஓடியது என்ற கணக்கு. ஓடிய வரி சரியான விடை தந்ததா என்று யாரும் பார்க்கவில்லை என்றாலும் 100 வரும். ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு ஒரு அஸெர்ட் கூட இல்லாமல் முடியும் டெஸ்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கெடு நெருங்கும்போதுதான் அவை அதிகம் பிறக்கும்.

நியாயமாக எழுதிய டெஸ்டாகவே இருக்கட்டும். ஜாவா மொழியோடு வரும் ‘பைனரி சர்ச்’ ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள், வரிசைப்படுத்திய லிஸ்டைப் பாதிபாதியாக வெட்டித் தேடுவது அது. நடு இடத்தைக் கண்டுபிடிக்க முன்பு அது கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி 2-ஆல் வகுத்தது. சின்ன லிஸ்ட் ஒன்றே அந்த வரியை ஓடவைத்துவிடும், கவரேஜும் பச்சை காட்டும். ஆனால் லிஸ்ட் நூறு கோடி உறுப்புகளைத் தாண்டிப் போனால், கூட்டுத்தொகை ஜாவாவின் முழு எண் தாங்கும் எல்லையை மீறி மைனஸாகிவிடும். வருஷக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கோடை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் இதை வெளிப்படையாக எழுதினார். டெஸ்டால் பக் இருப்பதைத்தான் காட்ட முடியும், இல்லை என்று காட்ட முடியாது என்று கணினி விஞ்ஞானி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. உங்கள் மேனேஜரிடம் அந்த 100-ஐக் கேட்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. 60 சதவீதத்தில் நிற்கிற ஃபைலில் எந்த வரிகள் ஓடவே இல்லை என்று பாருங்கள், கவரேஜ் அதற்குத்தான் உதவும்.

ஏஐ கோடும் எழுதுகிறது, டெஸ்டும் எழுதுகிறது. என் மகள் இதையெல்லாம் கற்க வேண்டுமா?
*ஒரு தந்தை*

வேண்டும். ஒரு ஃபங்ஷனைக் கொடுத்து ‘இதற்கு டெஸ்ட் எழுது’ என்றால், ஏஐ பல நேரம் அந்த ஃபங்ஷன் என்ன தருகிறதோ அதையே சரியான விடை என்று எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன ‘அ’ ஃபங்ஷனைக் கொடுத்தால் 1900 லீப் வருஷம் என்றே டெஸ்ட் எழுதிவிடக்கூடும், அதுவும் பாஸ் ஆகும். கோடைக் காட்டாமல், என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லி டெஸ்ட் கேட்டால் நிலைமை பரவாயில்லை. என்ன வேண்டும் என்று சொல்ல உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கையிலிருந்து நழுவிய பக் உண்டா?
*நீண்டநாள் வாசகி*

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும் தேதியைக் கணக்கிடும் ப்ரோகிராம்: தொடங்கிய தேதியோடு ஒரு வருஷம் கூட்ட வேண்டும். டிசம்பர் 31, பிப்ரவரி 28, மார்ச் 1 எல்லாம் பார்த்தேன். பிப்ரவரி 29-இல் தொடங்கிய ஒப்பந்தம் அடுத்த வருஷம் எந்தத் தேதிக்குப் போகும்? என் தாளில் ‘29 – கேட்க வேண்டும்’ என்று பென்சிலால் எழுதியும் வைத்தேன். அன்று கேட்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார். அப்புறம் மறந்துபோனேன்.

ராத்திரி ஓடும் ப்ரோகிராம் அப்படி ஒரு பதிவில் போய் முட்டி நின்றது. அதற்குப் பின்னால் வரிசையில் இருந்த எதுவும் புதுப்பிக்கப்படவில்லை. காலையில் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் பிப்ரவரி 28 என்றார், இன்னொருவர் மார்ச் 1 என்றார். அதுவரை யாருமே அதை முடிவு செய்திருக்கவில்லை.

எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். மேலாளர் என் தாளை வாங்கிப் பார்த்தார். பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்து, “இங்கேயே எழுதி வச்சிருக்கியேம்மா” என்றார்.