விமானத்தில் வைஃபை, 5ஜி அலைகள் கருவிகளை நிஜமாகவே பாதிக்குமா? விதிகள் என்ன சொல்கின்றன?

பயணியின் போன் விமானத்தைக் கீழே தள்ளிவிடாது. அதற்காக, 'சும்மா பயமுறுத்துகிறார்கள்' என்று சொல்வதும் சரியில்லை.

போயிங் 737 என்ஜி, 777 ரகங்களில் ஹனிவெல் நிறுவனத்தின் 'ஃபேஸ் 3' டிஸ்ப்ளே யூனிட்டுகள் இருந்தன. வேகம், உயரம், திசை, சாய்வு எல்லாமே பைலட்டுக்குத் தெரிவது அதில்தான். கேபினில் வைஃபை பொருத்துவதற்கான சோதனையில் அந்தத் திரை இருண்டுபோனது. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ 2014-ல் வைஃபையைத் தடை செய்யவில்லை. 1,300-க்கும் மேற்பட்ட விமானங்களில் அந்தத் திரைகளை 5 ஆண்டுக்குள் மாற்றச் சொன்னது. என்னைக் கேட்டால் அதுதான் சரியான அணுகுமுறை. போனை அணைக்காத பயணி ஒருவராவது எல்லா விமானத்திலும் இருப்பார்.

5ஜி விவகாரம் இதைவிடச் சிக்கல். தரையிலிருந்து விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ரேடியோ அலையால் அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 4,200–4,400 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. விமானத்தின் அடிவயிற்று ஆண்டெனா அதிர்வெண்ணை ஏற்றி இறக்கியபடி அலையைத் தரைக்கு அனுப்பும். திரும்பி வரும் எதிரொலிக்கும் அந்தக் கணத்தில் வெளியேறும் அலைக்கும் உள்ள அதிர்வெண் வித்தியாசமே உயரக் கணக்கு. எதிரொலி மிகப் பலவீனமானது. பழைய ரிசீவர்களின் ஃபில்டரும் தளர்வானது, பக்கத்து அலைவரிசையில் பலமான சிக்னல் எதுவும் இல்லாத காலத்தில் செய்தது. அமெரிக்காவில் 3,700–3,980 மெகாஹெர்ட்ஸ் 5ஜிக்குப் போனதும் தொல்லை இரண்டு வழியில் வரலாம். டவரின் பலமான சிக்னல் ரிசீவரின் முன்பகுதியைத் திணறடிக்கலாம். இதற்கு விமானத்தில் நல்ல ஃபில்டர் போதும். டவரின் கசிவு 4,200-க்கு மேலேயே வந்து விழுந்தால் எந்த ஃபில்டரும் உதவாது, டவரில்தான் அடக்க வேண்டும்.

உயரம் காட்டாமல் போனால்கூடச் சமாளிக்கலாம். தப்பான அளவை விமானம் நம்பிவிடுவதுதான் ஆபத்து. 2009-ல் ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலில் துருக்கிய 737 ஒன்றின் இடப்பக்க ஆல்டிமீட்டர் சுமார் 2,000 அடி உயரத்திலேயே மைனஸ் 8 அடி என்று காட்டியது. இன்ஜின் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஆட்டோத்ராட்டில், தரை வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அதைக் குறைத்தது; வேகம் சரிவதைக் காக்பிட்டில் கவனிக்கத் தாமதமானது; 9 பேர் இறந்தார்கள். அதற்குக் காரணம் 5ஜி இல்லை, ஆனால் ஒரு தப்பான எண் என்ன செய்யும் என்பதற்கு அதுவே சாட்சி.

அதனால் 2021 டிசம்பரில் எஃப்ஏஏ, 5ஜி குறுக்கீடு இருக்கலாம் என நோட்டாமில் (பைலட்டுகளுக்கான அறிவிப்பில்) சொல்லப்படும் இடங்களில் ஆட்டோலேண்ட் (விமானம் தானே தரையிறங்குவது) போன்ற, ஆல்டிமீட்டரை நம்பிய தரையிறக்கங்களைத் தடுத்தது. பிறகு 2023-ல் வந்த உத்தரவின்படி, 2024 பிப்ரவரி முதல் அட்டவணைப்படி பறக்கும் பெரிய விமானங்களில் குறுக்கீட்டைத் தாங்கும் ஆல்டிமீட்டர் கட்டாயம்.

பயணிகளுக்கான அமெரிக்க விதி 91.21. காது கேட்கும் கருவி, பேஸ்மேக்கர், எலக்ட்ரிக் ஷேவருக்கு (ஆமாம், ஷேவருக்கு) நேரடி விலக்கு. மற்றவற்றுக்கு, குறுக்கீடு இல்லை என்று விமான நிறுவனம் உறுதி செய்ய வேண்டும். பறக்கும்போது 800 மெகாஹெர்ட்ஸ் செல்போனைத் தடுப்பது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தனி விதி. உயரத்திலிருந்து ஒரே போன் பல டவர்களைத் தொட்டு, தரையிலுள்ள நெட்வொர்க்கைக் குழப்பிவிடும் என்பதே அதற்குக் காரணம்.

ஆக, ஃப்ளைட் மோடு போட்டுவிட்டு, விமானத்தில் அனுமதி இருந்தால் வைஃபையை மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள். பார்வைத்தூரம் குறைந்த தரையிறக்கத்தில் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னால், முழுவதுமாக ஸ்விட்ச் ஆஃப் செய்துவிடுங்கள்.