கண்ணில் என்ன பட்டது?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். மதுரை வில்லாபுரத்திலிருந்து எழுதுகிறேன். வயது 38. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. படங்களும் வெப் சீரிஸும் நிறையப் பார்ப்பவன். மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். அதனால் நண்பர்களிடம் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. உங்களிடமும் அப்படியே சொல்கிறேன்.

தமிழ் சீரியல்கள் விஷம். என் அம்மா சாயங்காலம் விளக்கேற்றியதும் டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து மணி வரை எழுந்திருப்பதில்லை. 'எதிர்நீச்சல்' ஓடிய காலத்தில் அந்த நேரத்துக்கு வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. ஒரு ஆள் வீட்டுப் பெண்களைத் திட்டிக்கொண்டே இருப்பதை எப்படித்தான் வருடக்கணக்காகப் பார்க்கிறார்களோ. நான் ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. பிக் பாஸ் அதைவிடக் கேவலம். சினிமாக்காரர்களுக்கு மதுரை என்றால் அரிவாள்தான், நாமும் கைதட்டுகிறோம். விருது வாங்கிய படமாவது பார்க்கலாம் என்று 'கடைசி விவசாயி' போட்டேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்தும் நகரவில்லை. முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டேன். கொரியன் தொடர்களில் இருக்கும் விறுவிறுப்பு நமக்கு ஏன் வரவில்லை?

என் கேள்வி இதுதான். மகளுக்குப் பன்னிரண்டு வயது. இத்தனை குப்பைக்கு நடுவில் அவளை எதைப் பார்க்கவிடலாம்?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் "என்ன கதை?" என்று கேட்டால் யாருக்கும் சொல்ல வருவதில்லை. "செம", "மொக்கை", "செகண்ட் ஹாஃப் இழுவை", "ஒரு தடவை பார்க்கலாம்". தீர்ப்பு உடனே வந்து விழுகிறது. வழக்கு என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்பவன் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். கண்ணில் என்ன பட்டது? உங்கள் கடிதத்தை இரண்டாம் முறையும் படித்துத் தேடினேன். இத்தனை படங்களையும் தொடர்களையும் பேசுகிற கடிதத்தில் ஒரு முகம் இல்லை, ஒரு காட்சி இல்லை, யாரோ யாரிடமோ சொன்ன ஒரு வார்த்தை இல்லை. விஷம், கேவலம், குப்பை, இரண்டு நட்சத்திரம். பார்க்காமலே இவ்வளவையும் எழுதிவிட முடியும். சீரியல் விஷயத்தில் பார்க்காமல்தான் எழுதியிருக்கிறீர்கள், அதை நீங்களே சொல்லியும் விட்டீர்கள்.

பிக் பாஸ் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கொரியன் தொடர்கள் பிடித்திருந்தால் தாராளமாகப் பாருங்கள். அங்கேயும் பணக்கார வீடு, பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிற அம்மா, கண்ணீர் எல்லாம் உண்டு. நம் வீட்டுக் கண்ணீர்தான் உங்களுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

அரிவாள் புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. 2004-இல் மட்டும் 'விருமாண்டி', 'கில்லி', 'காதல்' என்று மதுரையையும் சுற்றுவட்டாரத்தையும் வைத்துப் படங்கள் வந்தன. 2008-இல் 'சுப்பிரமணியபுரம்', 2011-இல் 'ஆடுகளம்'. நம் பேச்சு காதில் விழாதவர்கள்கூட நாலு இடத்தில் "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்று இழுத்துவிட்டு மதுரைப் படம் என்கிறார்கள். அதற்காக எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டலாமா? 'ஆடுகளம்' என்றதும் எனக்கு நினைவு வருவது ஒரு பெரியவரின் பொறாமை. வேலைக்கு ஆகாது என்று பேட்டைக்காரர் கழித்துவிட்ட சேவலை வைத்துக்கொண்டு சேவல் சண்டையில் கருப்பு ஜெயிக்கிறான். ஊரே அவனைத் தூக்கிக் கொண்டாடுகிறது. கூடவே வைத்து வளர்த்த பையன் ஜெயித்ததற்கு முதலில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர் அவர். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன். அதற்கப்புறம் நடக்கிற அத்தனைக்கும் விதை அந்த முகத்தில் விழுந்துவிட்டது. இந்த முகத்தை நம் ஊரில் வாத்தியார்களிடம் பார்த்திருக்கிறேன், நாதஸ்வரக்காரர்களிடம் பார்த்திருக்கிறேன், எழுத்தாளர்களிடம் நிறையவே பார்த்திருக்கிறேன். யார் கையிலும் அரிவாள் இல்லை.

சரி, எனக்கு வருத்தம் தந்த இடத்துக்கு வருகிறேன். 'கடைசி விவசாயி'யை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினேன் என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? அப்படி என்ன தம்பி அவசரம்? படத்தை எடுத்த மணிகண்டன் நம் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். மாயாண்டியாக வரும் நல்லாண்டி நடிகர் கிடையாது, காடு கழனியிலேயே காலத்தைக் கழித்த விவசாயி. 2022 பிப்ரவரியில் படம் வெளிவந்தபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அடுத்த வருடம் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது அறிவித்தபோது அவர் பெயரையும் தனியாகச் சேர்த்துச் சொன்னார்கள். அவர் வரப்பில் நடக்கிற நடை யாரும் சொல்லிக்கொடுத்து வந்த நடை இல்லை, ஆயுசு முழுக்க நடந்து வந்தது. அதைப் போய் பட்டனை அழுத்தி ஓட வைத்திருக்கிறீர்கள்.

குலசாமி கும்பிட நெல் விளைவித்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்ட மனிதர், செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக வழக்கில் மாட்டுகிறார். காது சரியாகக் கேட்காது. கோர்ட்டில் நிற்கும்போது தன்னை என்ன செய்யப் போகிறார்கள் என்று அவருக்குக் கவலையே இல்லை. பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், அது ஒன்றுதான் கவலை. அந்தப் பெண் நீதிபதிக்கு அது புரிகிறது. போலீஸையே தண்ணீர் பாய்ச்சச் சொல்கிறார். காக்கி உடைக்காரர் வயலுக்குப் போக வேண்டியதாகிறது. நீங்கள் நிறுத்திய பிறகுதான் இதெல்லாம் வந்திருக்கும். பயிர் வளர நாள் பிடிக்கும், அதற்குள் அது வாடிவிடுமோ என்ற பதைப்புதான் அந்தப் படத்தில் இருக்கிற விறுவிறுப்பு. வேகத்தைக் கூட்டினால் அந்தப் பதைப்பு எங்கிருந்து வரும்?

நான் வளர்ந்தது சோழவந்தான் பக்கம். கொடிக்கால் ஊர். கிள்ளி வந்த வெற்றிலையைச் சாயங்காலம் திண்ணையில் கொட்டி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து தரம் பிரித்து அடுக்கிக் கவுளி கட்டுவார்கள். அங்கே எங்களுக்கு ஒரு மதினி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எப்படியாவது காசு சேர்த்து, பஸ் ஏறி மதுரைக்குப் போய் படம் பார்த்துவிட்டு வந்துவிடுவார். மற்ற பெண்களுக்கு அதற்குக் காசும் இல்லை, வீட்டில் விடவும் மாட்டார்கள். மதினி பார்த்தால் தெருவே பார்த்த கணக்கு. தியேட்டர் வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தையும் வாங்கி வந்து என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். அதில் கதைச் சுருக்கம் முக்கியமான கட்டம் வந்ததும் சட்டென்று நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருப்பார்கள். எங்கள் தெருவுக்கு அந்த மீதியைச் சொல்லத்தான் மதினி.

1985-இல் 'முதல் மரியாதை' பார்த்துவிட்டு வந்து அவர் சொன்ன கதை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. கை பாட்டுக்கு வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்குக் கதை போகும். வாலிபர்கள் பலம் காட்டத் தூக்கும் இளவட்டக்கல்லைச் சிவாஜி தூக்குகிற இடம் வந்ததும் கையிலிருந்ததை மடியில் போட்டார். குனிந்து இரண்டு கையாலும் காற்றைக் கட்டிப் பிடித்தார். கல் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. திண்ணையில் ஒரு கை அசையவில்லை. கல் தோளைத் தாண்டியதும் ஒரு கிழவி, "அடப் பாவி மனுசா, இந்த வயசுல எவளுக்காகத் தூக்குற?" என்று கேட்டேவிட்டது. மறைந்திருந்து ராதா பார்த்ததை மதினி அதற்கப்புறம்தான் சொன்னார். எதை முன்னால் சொல்ல வேண்டும், எதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

குடிசையில் ராதா கையால் சிவாஜி மீன் சாப்பிடுகிற காட்சியைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எங்களைப் பார்த்து, "அதுவரைக்கும் அந்த மனுசன் தன் வீட்டுல வாய்க்கு ருசியாச் சாப்பிட்ட மாதிரி ஒரு எடத்துல காமிச்சாய்ங்களா?" என்று கேட்டார். அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வரவில்லை. பெரிய மனிதர் வீட்டுக்குள் அன்பு இல்லை என்பதை மதினி சோற்றுத் தட்டில் பார்த்திருக்கிறார்.

எடுத்ததுமே "படம் நல்லாருக்கா மதினி?" என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "மொதல்ல கதையக் கேளு. கேட்டுட்டு நீ சொல்லு."

இதைத்தான் நான் உங்களிடமும் சொல்ல வருகிறேன், தம்பி. கதையைச் சொல்வது சின்ன வேலை கிடையாது. வரிசை மாறாமல் நினைவில் இருக்க வேண்டும். இவள் இதைச் சொன்னபோது அவன் என்ன செய்தான், எங்கே பார்த்தான், உடனே பதில் சொன்னானா, அல்லது எழுந்து வெளியே போனானா, எல்லாம் வேண்டும். தப்பாகச் சொன்னால் படம் பார்த்த இன்னொருத்தி குறுக்கே வந்து திருத்துவாள். அங்கே சண்டை வரும். அந்தச் சண்டையில்தான் படம் நல்லதா கெட்டதா என்பதே தெரியவரும். ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டே முழுப் படத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்த ஜனங்கள் இவர்கள். 1965-இல் வந்த 'திருவிளையாடல்' வசனத்தை எங்கள் பக்கம் கல்யாண வீட்டிலும் மாரியம்மன் திருவிழாவிலும் குழாய் கட்டிப் போட்டுப் போட்டு, தருமி புலம்புவதைப் பள்ளிக்கூடம் போகாதவர்களும் வரி தப்பாமல் சொல்வார்கள். 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த மதுரைத் தங்கம் தியேட்டர் போய் இப்போது அந்த இடத்தில் துணிக்கடை நிற்கிறது. கட்டடம் போனதற்கு எல்லாரும் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், பார்த்ததை இன்னொருவருக்குச் சொல்கிற பழக்கம் போனது. நட்சத்திரம் போடப் பார்த்திருக்கவே தேவையில்லை. கதை சொல்ல வேண்டும் என்றால் பார்த்தே ஆக வேண்டும்.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சீரியல்களில் இழுவை உண்டு, ஒரே அதிர்ச்சிக்கு ஒரே முகத்தை மூன்று தடவை காட்டுகிற கொடுமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'எதிர்நீச்சல்' நடப்பது நம் மதுரையில். நீங்கள் சொன்ன அந்தத் திட்டுகிற ஆள், ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து வருசநாட்டுப் பக்கத்து மனிதர். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி அவர் இறந்த அன்று எங்கள் தெருவில் பெண்கள் வாசலில் கூடி நின்று, சொந்தக்காரர் தவறியதைப் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். தினமும் அவர்கள் கரித்துக்கொட்டிய ஆள் அவர். அப்பாவாகவோ, மாமனாராகவோ, மூத்த கொழுந்தனாகவோ அப்படி ஒரு ஆளோடு ஒரே கூரைக்குக் கீழே காலம் தள்ளியவர்கள் அவர்கள். மாரிமுத்து கொஞ்சமும் கூட்டாமல் குறைக்காமல் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் கத்தி ஓய்ந்ததும் அந்த வீட்டுப் பெண்கள் ஈஸ்வரியும் ரேணுகாவும் நந்தினியும் அடுக்களைக்குள் பேசிக்கொள்கிறார்களே, அந்தப் பேச்சுக்காகத்தான் உங்கள் அம்மா மூச்சுவிடாதே என்று கையைக் காட்டியிருப்பார். தன் அடுக்களையில் தான் பேச முடியாமல் போனதை ஒருத்தி அங்கே பேசுகிறாள். ஒரு நாளாவது "இன்னிக்கு என்னம்மா நடந்துச்சு?" என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு உங்களுக்கு அவர் பத்து மணி வரை எழுந்திருப்பதில்லை என்பது மட்டும்தான் தெரிகிறது.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'காக்கா முட்டை' காட்டுங்கள். அதுவும் மணிகண்டன் எடுத்ததுதான், 2015-இல் வந்தது. பீட்சாவுக்கு ஆசைப்படுகிற இரண்டு பையன்கள் கதை. செல்போன்களை வேறு அறையில் வைத்துவிட்டு நீங்களும் கூட உட்காருங்கள். முடிந்ததும் பிடித்ததா என்று அவளிடம் கேட்க வேண்டாம். பாட்டிக்குக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பாட்டி கேட்கிற கேள்விகளை மட்டும் கவனியுங்கள்.

அப்புறம், 'கடைசி விவசாயி'யை முதலிலிருந்து பாருங்கள். மாயாண்டி நெல் போட ஒத்துக்கொண்டதிலிருந்து என்னவெல்லாம் நடந்தது என்று எனக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். நட்சத்திரம் வேண்டாம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.