பணிப்பட்டியல் கருவியை ஏஐ முகவருக்குப் புரியும்படி ஆவணப்படுத்துதல்

வணக்கம். மொரிஷியஸின் தலைநகர் போர் லூயியில் காவடித் திருவிழா வேலைகளுக்காக நீங்கள் எழுதிய பணிப்பட்டியல் கருவியில், ஏஐ முகவர் (நமக்காகக் கருவிகளைத் தானே இயக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்) ஒரே பணியை இருமுறை உருவாக்குவதாகவும், 01/02/2026 என்ற கெடுவைப் பிப்ரவரி 1 என்று கொள்ளாமல் ஜனவரி 2 என்று பதிவதாகவும் சொல்லி, காரணம் கேட்டிருந்தீர்கள். இணைத்திருந்த ஆவணத்தைப் படித்தேன். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

மொரிஷியஸில் தேதியில் நாள் எண்ணை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுவது நமக்குப் பழக்கம். முகவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஐ.எஸ்.ஓ. 8601 வடிவம் (ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதும் பன்னாட்டுத் தரம்) மட்டுமே ஏற்கப்படும் என்று எழுதி, 2026-02-01 என்ற எடுத்துக்காட்டையும் +04:00 என்ற மொரிஷியஸ் நேர வலயத்தையும் அருகிலேயே தாருங்கள்.

இரட்டைப் பதிவுக்குக் காரணம் வேறு. பதில் வரத் தாமதமானால் முகவர் அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பக்கூடும். ஆகவே ஒவ்வொரு கோரிக்கையுடனும் முகவர் ஒரு தனிச் சாவியை (அந்தக் கோரிக்கைக்கு மட்டுமே உரிய அடையாளக் குறியை) அனுப்பவேண்டும் என்றும், அதே சாவி மறுபடி வந்தால் புதிய பணி உருவாகாமல் பழைய பணியின் எண்ணே திரும்பி வரும் என்றும் கருவியை அமைத்து, அதை அந்தக் கட்டளையின் விளக்கத்திலேயே எழுதுங்கள். பின்னிணைப்பில் வைத்தால் முகவர் அதைப் பார்க்காமலே போகலாம்.

இன்னொன்று: முடிந்த பணியைக் குறிக்க ஓரிடத்தில் பிரெஞ்சில் 'தெர்மினே', வேறிடத்தில் ஆங்கிலத்தில் 'டன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டுப் பேச்சில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலப்பது இயல்புதான். முகவரோ அவற்றை இரு வேறு நிலைகளாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே சொல்லை வையுங்கள்.

பிழைச் செய்தியும் ஆவணந்தான். 'தவறான நிலை' என்று நிறுத்தாமல், 'பணி 14 இன்னும் தொடங்கப்படவில்லை; முதலில் நடப்பில் என்று மாற்றவும்' என்று சொன்னால் முகவர் தானே திருத்திக்கொள்ளும். பணியை அழிக்கும் உரிமையை மட்டும் ஆவணத்தை நம்பி விடாமல், முகவரின் கணக்கிலிருந்தே நீக்கிவிடுங்கள்.