அறுத்து வீசிய தூண்டில் நரம்பு கரைப்பறவைகளை என்ன செய்கிறது?

கடற்கரையில் கிடக்கும் ஒரு முழ நைலான் நரம்பு ஒரு பறவையைக் கொன்றுவிடுமா என்பது கேள்வி. கொல்லும், ஆனால் பெரும்பாலும் உடனே அல்ல, நாள்கணக்கில்.

தங்கூசி எனப்படும் ஒற்றை இழை நைலான் மெல்லியது, கண்ணுக்கு எளிதில் புலப்படாதது, மக்குவதற்குப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம் என மதிப்பிடப்படுவது. அலை அதனைக் கடற்பாசிக் குப்பையோடு சேர்த்துக் கரையில் ஒதுக்குகிறது. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சிறு கரைப்பறவைகள் புழு, பூச்சி தேடி ஓயாமல் நடப்பதும் அதே இடத்தில்தான். விரலில் மாட்டிய சுருக்கு, பறவை எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, கடைசியில் விரலையோ பாதத்தையோ அழுகி விழச் செய்துவிடுகிறது. அப்படித் தத்தித் திரியும் பறவையால் வலசைக்குத் தேவையான கொழுப்பைச் சேர்க்க முடியாமல் போகலாம். (ஒற்றைக் காலில் நிற்பது அவற்றின் இயல்பான ஓய்வுநிலையும்கூட, அதை மட்டும் வைத்துக் காயம் என்று முடிவுகட்டக் கூடாது.)

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் படும் பாடு இன்னும் கொடியது. தூண்டிலில் சிக்கிய பறவையை விடுவிப்பதாக எண்ணி நரம்பை அறுத்துவிட்டால், அது தொங்கும் இழையோடு அலையாத்தி மரங்களுக்குத் திரும்பி, இழை கிளையில் பின்னிக்கொள்ள, தொங்கியபடியே சாகிறது. பின்னால் வரும் பறவைகளும் அதே இழையில் மாட்டக்கூடும். ஆகவே நரம்பை அறுக்காமல் மெதுவாகச் சுருட்டிப் பறவையை அருகில் கொண்டுவந்து, தலையைத் துணியால் மூடி, முள்ளை எடுக்கும்படி அங்கே அறிவுறுத்துகிறார்கள். கழித்த நரம்பைப் போடுவதற்கென்றே மீன்பிடிப் பாலங்களில் பிவிசி குழாய்த் தொட்டிகளும் பொருத்தப்பட்டுள்ளன.